பெண் வீட்டுச் சோறு

நூம்பல் கிராமத்துப் பரந்தாமனின் மகள் தாட்சாயிணிக்கு ஆவடியில் வேலை கிடைத்த செய்தி வந்தபோது ஊரில் பாதிப் பேர் நம்பவில்லை. நம்பிய மீதிப் பேர் சிரித்தார்கள். ராணுவத்துக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலை அது. "பொம்பளப் புள்ள போயி சிப்பாய்க்கு பட்டன் வெச்சித் தரப்போவுதாமே!" என்று ஏரிக்கரையில் பேசிக்கொண்டார்கள். அண்ணன் ராஜசேகரன் கூடவே கூடாது என்றான். தம்பி பாஸ்கரன் அப்போது சின்னவன், இருந்தும் அண்ணன் பக்கம் நின்று தலையாட்டினான்.

பரந்தாமன் யாரோடும் வாதாடவில்லை. வேலையில் சேர வேண்டிய நாளன்று விடிந்ததும் சைக்கிளைத் துடைத்தார். மகளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு திருவேற்காடு வழியாக ஆவடி வரைக்கும் மிதித்தார். தொழிற்சாலை வாசலில் இறக்கிவிட்டு, "உள்ள போ. இன்னாத்துக்கு பயப்படற? நம்ம ஊட்டு மாட்டுக் கொட்டாய விட இது ஒண்ணும் பெருசில்ல" என்றார்.

அது அவர்கள் ஊரை விடவே பெரிதாக இருந்தது. ஆனாலும் அந்தப் பேச்சை நம்பித்தான் தாட்சாயிணி உள்ளே போனாள்.

போனவள் அங்கேயே காலூன்றிக்கொண்டாள். தையல் இயந்திரங்கள் வரிசை வரிசையாக இரையும் அந்தக் கூடத்தில் முதலில் காலர், பிறகு கை, பிறகு முழுச்சட்டை என்று கை பழகியது. பட்டாபிராம்காரரான குணசேகரனைக் கட்டிக்கொண்டாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுபவர், அதிகம் பேசாத மனிதர். ஒரு பெண் குழந்தை பிறந்தது, புஷ்பா. வேலையில் இருப்பவள் தாட்சாயிணி என்பதால் தொழிற்சாலைக் குடியிருப்பில் அவள் பேருக்கே குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, முன்னால் ஒரு வேப்பமரம். குணசேகரன் தன் கையாலேயே ஒரு தகரப் பலகையில் 'ப. தாட்சாயிணி' என்று எழுதி வாசலில் மாட்டினார். கல்யாணத்துக்கு முன்பே வேலையில் சேர்ந்ததால் அவளுடைய இனிஷியல் அப்பாவின் எழுத்தாகவே நின்றுவிட்டது. அதை மாற்ற வேண்டும் என்று குணசேகரனுக்கும் தோன்றவில்லை.

இதற்கிடையில் நூம்பலில் காலம் வேறு மாதிரி ஓடியது. அம்மா போய்ச் சேர்ந்தாள். வேலப்பன்சாவடிப் பக்கம் மனை போட ஆள் மேல் ஆள் வந்து கேட்க, நிலம் கைமாறியது. மகன்கள் இருவரும் ஆளுக்கொரு வீடு கட்டினார்கள். அப்பாவை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சு வந்தபோது ஊர் வழக்கப்படி முறை வைத்தார்கள். ஒரு மாதம் பெரியவன் வீடு, ஒரு மாதம் சின்னவன் வீடு. மாதம் பிறந்தால் பரந்தாமன் தன் பையை எடுத்துக்கொண்டு இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெருவுக்கு நடப்பார். யாரும் அவரைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. சோறும் போட்டார்கள். ஆனால் எந்த வீட்டிலும் அவருடைய வேட்டி காய ஒரு சொந்தக் கொடி இல்லை.

எண்பத்தாறாம் வருஷம், வெயில் கொளுத்தும் ஒரு பகல். பூந்தமல்லியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தாள் தாட்சாயிணி. வேலப்பன்சாவடி நிறுத்தத்தில் வெளியே எட்டிப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரோட்டோர மரத்தடியில் அப்பா உட்கார்ந்திருந்தார். மடியில் பை. பஸ் கிளம்புவதற்குள் விழுந்தடித்து இறங்கினாள்.

"நைனா, இங்க இன்னா பண்ற?"

"சும்மாதான். போற வர்ற வண்டியப் பாத்துகினு கீறேன்."

"துன்னியா?"

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது. அன்று மாதப் பிறப்பு. சின்ன மருமகள் ராணி தாய் வீட்டில் விசேஷம் என்று காலையிலேயே கிளம்பிவிட்டாள். முறை முடிந்ததால் இவரும் பையோடு பெரியவன் வீட்டுக்கு நடந்தார். அங்கே பூட்டு தொங்கியது. குடும்பத்தோடு திருத்தணிக்குப் போயிருந்தார்கள். அண்ணன் வீட்டில் சாப்பிடுவார் என்று தம்பி நினைத்தான். நாம் வரும்வரை தம்பி வைத்துக்கொள்வான் என்று அண்ணன் நினைத்தான். தெருவில் பையோடு நின்றால் நாலு பேர் கேட்பார்களே, பிள்ளைகளுக்குக் கெட்ட பேர் ஆகுமே என்று பரந்தாமன் ஊரைத் தாண்டி மெயின் ரோட்டுக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்.

தாட்சாயிணிக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. பையைப் பிடுங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஏந்திரு. பஸ் வருது."

"எங்க?"

"எங்க ஊட்டுக்கு."

அப்பா தன்னோடு இருக்கிறார் என்று நூம்பலுக்குச் சொல்லி அனுப்பினாள். முதல் சில நாள் ஒரு தொந்தரவும் இல்லை. மகள் வீட்டுக்கு விருந்தாடி வந்தவராகப் பரந்தாமன் சிரித்தபடி சாப்பிட்டார், பேத்தியோடு விளையாடினார். மகளுக்கு அவரைத் திருப்பி அனுப்பும் எண்ணமே இல்லை என்று புரிந்த அன்று தட்டைத் தள்ளி வைத்தார்.

"விருந்துக்கு வந்தேன், துன்னேன். அது மொற. மாப்ள ஊட்ல நெரந்தரமா குந்திகினு துன்னா, அது மொற கெடயாது. ரெண்டு ஆம்பளப் புள்ளய பெத்தவன் நான்."

எவ்வளவு கெஞ்சியும் பயனில்லை. குணசேகரன் சொல்லிப் பார்த்தார். "மாமா, நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா?" என்று கூடக் கேட்டார். "அய்யோ, தங்கமான மனுசன் மாப்ள நீ. ஒன் கொறையில்ல" என்றாரே தவிர, தட்டைத் தொடவில்லை. குடியிருப்பு வாசலில் இருந்த கடையில் பன்னும் டீயுமாகக் காலம் தள்ள ஆரம்பித்தார். தாட்சாயிணிக்குத் தொழிற்சாலையில் தையல் கோணிக்கொண்டே போனது. அப்பா பக்கத்தில் இருந்தும் பட்டினி.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டு ஹர்ஜீத் கவுர் ஒரு செம்போடு வாசலில் வந்து நின்றாள். பஞ்சாப்காரி. கணவர் துணியின் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. ஆவடிக்கு வந்து வருஷங்கள் ஆனதால் தமிழ் தட்டுத்தடுமாறி வரும்.

"அக்கா, கொஞ்சம் தண்ணி. பாப்பூஜி, எங்கப்பா, குடிக்கணும்."

"ஏன், ஒங்க ஊட்ல கொழாய் வரலியா?"

"வருது. ஆனா அவரு எங்க வீட்டுத் தண்ணி குடிக்க மாட்டாரு."

ஹர்ஜீத்தின் அப்பா பச்சன் சிங் லூதியானாப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பேரப்பிள்ளையைப் பார்க்க வந்திருந்தார். ஆறடி உயரம், நெஞ்சு வரை வெள்ளைத் தாடி. அவர்கள் பக்கத்துப் பெரியவர்கள் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் சாப்பிடமாட்டார்களாம். பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கமாட்டார்களாம். கொடுத்த இடத்திலிருந்து எதையும் வாங்கக் கூடாதாம். ரயிலில் கொண்டுவந்த ரொட்டியும் வெல்லமும் தீர்ந்துபோய்விட்டன.

தாட்சாயிணி செம்பை வாங்கிக்கொண்டு ஹர்ஜீத்தையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். ஏன் சிரிக்கிறாள் என்று தெரியாமல் ஹர்ஜீத் விழிக்க, தன் வீட்டுக் கதையைச் சொன்னாள். அடுத்த நிமிஷம் ஹர்ஜீத்தும் வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்து முடித்து இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது வழி தானாகவே தெரிந்துவிட்டது.

வேப்பமரத்தடியில் ஹர்ஜீத் வீட்டுக் கயிற்றுக் கட்டில் வந்தது. மத்தியானமானால் இரண்டு கிழவர்களும் அதில் உட்காருவார்கள். தாட்சாயிணி வீட்டுச் சோறும் சாம்பாரும் பச்சன் சிங்குக்கு. ஹர்ஜீத் வீட்டு ரொட்டியும் பருப்பும் பரந்தாமனுக்கு. அவள் இவருக்கு மகள் இல்லை, இவள் அவருக்கு மகள் இல்லை. ஆகவே யாருடைய முறையும் கெடவில்லை.

பரந்தாமனுக்கு இந்தி தெரியாது. பச்சன் சிங்குக்குத் தமிழ் வராது. ஆனால் இரண்டு பேரும் மண்ணில் கிடந்தவர்கள். மாட்டின் பல்லைப் பற்றி, மழையைப் பற்றி, கையைக் காலை ஆட்டியே அவர்கள் பேசிக்கொண்டதைப் பார்க்க எதிர்வரிசையில் கூட்டமே நிற்கும். பச்சன் சிங்கின் சின்ன மகன் ராணுவத்தில் காஷ்மீர்ப் பக்கம் இருந்தான். தாட்சாயிணி தைப்பது அவன் போடும் சட்டை என்று ஹர்ஜீத் விளக்கிச் சொன்ன அன்று, அந்தப் பெரியவர் கட்டிலை விட்டு எழுந்து வந்து தாட்சாயிணியின் தலையில் தன் அகலமான உள்ளங்கையை வைத்தார். என்னவோ சொன்னார். புரியவில்லை. ஆனாலும் அவள் குனிந்து அவர் காலைத் தொட்டாள்.

எதிர்வீட்டு மாதவியம்மா இதையெல்லாம் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். பாலக்காட்டுப் பக்கத்துக்காரி. மகளோடும் மருமகனோடும் இருந்தாள். இருந்தாள் என்பதை விட, அந்த வீட்டை ஆண்டாள் என்பதே சரி. சாவிக்கொத்து அவள் இடுப்பில். மருமகன் சினிமாவுக்குப் போவதென்றாலும் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போவார்.

"எங்க நாட்டில தாயி மகள்கிட்டதான் இருக்கும். அது தறவாட்டு வழக்கம், தாய்வழிக் குடும்பம். வேற எங்க போகும்? மகன் வீட்டுக்குப் போனா, அய்யோ பாவம், இந்த அம்மையை மகள் கைவிட்டுட்டாளேன்னு கேப்பாங்க" என்றாள் தாட்சாயிணியிடம்.

தாட்சாயிணி அன்று முழுக்க இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரே தெருவில் மூன்று வீடு. ஒரு வீட்டில் பெற்றவள் மகளோடு இருப்பதுதான் மரியாதை. ஒரு வீட்டில் மகள் தரும் தண்ணீர் கூடக் குற்றம். நடுவில் தன் வீடு. யார் எழுதிவைத்தது இதையெல்லாம்? மூன்று பேருமே தங்கள் பெரியவர்களைத் தலைமேல் வைத்துத்தான் பார்க்கிறார்கள். அப்படியென்றால் மரியாதை வேறு, அதைச் செய்யும் விதம் வேறு. விதத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

வாய்ப்பைப் பரந்தாமனே எடுத்துக் கொடுத்தார். ஒரு சாயங்காலம் பச்சன் சிங் ஊருக்குக் கிளம்பும் பேச்சு வந்தபோது அவர் ஆற்றாமையோடு சொன்னார்.

"எவ்ளோ நல்ல பொண்ணு அந்த ஹர்ஜீத்து! பெத்த அப்பன் தன் கையால ஒரு வாய் துன்னலியேன்னு எப்பிடி ஏங்கிகினு கீது பாரு. இன்னா வீம்பு இந்த சிங்குக்கு!"

"ஆமா நைனா. பெத்த பொண்ணு ஊட்ல துன்னாத வீம்பு. இன்னா மனுசனோ."

சொல்லிவிட்டு அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே இருந்த குணசேகரன் இருமுவது போலச் சிரிப்பை அடக்கினார்.

"அது வேற, இது வேற" என்றார் பரந்தாமன், சுரத்தில்லாமல். "இது மாப்ள ஊடு."

தாட்சாயிணி அவர் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துப் போனாள். தகரப் பலகையைக் காட்டினாள். பரந்தாமன் இரண்டாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்துக் கூட்டத் தெரியும்.

"இத்தப் படி."

"ப... தா... ட்... ஒன் பேருதான்."

"மொத எழுத்து யாருது?"

பரந்தாமன் பலகையை நெருங்கிப் பார்த்தார்.

"இந்த ஊடு மாப்ளைக்கு குடுத்தது இல்ல நைனா. எனக்கு குடுத்தது. என் வேலைக்கு குடுத்தது. அந்த வேலைக்கு என்ன சைக்கிள்ல ஏத்திகினு வந்து உட்டது நீ. ஊரே சிரிச்சுது, அண்ணன் வேணாம்னுச்சு. நீ மிதிச்சிகினே வந்த. ஒன் எழுத்த வாசல்ல போட்டுகினு, ஒன்ன வெளியில குந்த வெச்சா அது எனக்கு அசிங்கம். நீ குந்தி துன்ன வரல. ஒன் ஊட்டுக்கு வந்துகீற."

பரந்தாமன் அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கை கழுவிக்கொண்டு, "இன்னா கொழம்பு?" என்று கேட்டார்.

பச்சன் சிங் கடைசி வரை மாறவில்லை. ஊருக்குப் போகும் நாளில் கூட வழிக்கான சோறு தாட்சாயிணி வீட்டிலிருந்துதான் போனது. அதற்காக ஹர்ஜீத் அவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "அவருக்கு அதுதான் என் மேல உள்ள பிரியம், அக்கா. பொண்ணு வீட்டுக்கு பாரமா இருக்கக் கூடாதுன்னு" என்றாள். கிழவர்கள் இருவரும் வேப்பமரத்தடியில் கட்டிப்பிடித்துக்கொண்டபோது பரந்தாமனின் தலை மற்றவரின் தாடிக்குள் காணாமல் போனது.

அதன் பிறகு பரந்தாமன் அந்தக் குடியிருப்பின் ஆளாகிவிட்டார். குழாயடியில் வரிசை குலைந்தால் அவர்தான் பஞ்சாயத்து. புதிதாகக் குடிவந்தவர்கள் யாரென்று கேட்டால், "நூம்பல் பரந்தாமன்" என்று சொல்வதை விட்டுவிட்டார். "தாட்சாயிணியோட நைனா" என்பார், மீசையைத் தடவிக்கொண்டு.

ஆயுத பூஜைக்குத் தொழிற்சாலையில் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். ஒரு வருஷம் அவரை அழைத்துப் போனாள். வாழைக்கன்று கட்டி, காகிதத் தோரணம் தொங்கவிட்டு, இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனப் பொட்டு. தன் இயந்திரத்தைக் காட்டினாள். அவர் அதைச் சுற்றி வந்தார். பக்கத்தில் அடுக்கியிருந்த சட்டை ஒன்றின் தோளைத் தொட்டுப் பார்த்தார். அந்தப் பக்கம் வந்த மேற்பார்வையாளரைக் கையைப் பிடித்து நிறுத்தி, "சார், இது என் பொண்ணு தச்சது. இத்தப் போட்டுகினுதான் பனியில நிக்கறானுங்க நம்ம பசங்க" என்றார். மேற்பார்வையாளருக்கு அது தெரியாததல்ல. ஆனாலும் அந்த மனிதர் நின்று, முதல்முறை கேட்பது போலத் தலையாட்டினார். தாட்சாயிணி வெட்கத்தில் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அன்று அவள் அடைந்த பெருமையை எந்தச் சம்பள உயர்வும் அவளுக்குத் தந்ததில்லை.

தொண்ணூற்று மூன்றில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வாதம். வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். வயசாயிற்று, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்கள்.

தாட்சாயிணி லீவு போட்டாள். லீவு தீர்ந்ததும் மாதவியம்மாவும் ஹர்ஜீத்தும் பகலைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மாதவியம்மா ஊரிலிருந்து தைலம் வரவழைத்தாள். குளிப்பாட்டுவதும் துடைப்பதும் குணசேகரன். மருமகன் கையால் அதைச் செய்துகொள்ளப் பரந்தாமனுக்குக் கூச்சம் தாங்கவில்லை. இடக்கையால் தள்ளுவார்.

"மாமா, லேத் மெஷினுக்கு தெனம் எண்ண போட்டு தொடைக்கற ஆளு நான். அது இந்த மாதிரி மொரண்டு புடிக்காது. கம்முனு இரு" என்பார் குணசேகரன். கிழவரின் கோணிய வாயில் சிரிப்பு வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடியிருப்புக்குள் வாடகை அம்பாசிடர் கார் ஒன்று நுழைந்தது. ராஜசேகரன், பாஸ்கரன், கூடவே பரந்தாமனின் தங்கை கெங்கம்மாள் அத்தை. ஊரில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவள்.

அத்தை அண்ணனைப் பார்த்து அழுதாள். அழுது முடித்ததும் நேராக விஷயத்துக்கு வந்தாள். "தாச்சா, நீ செய்ய வேண்டியது எல்லாம் செஞ்சிட்ட. ஒன்ன ஒரு கொற சொல்ல முடியாது. ஆனா உசுரு போற நேரத்துல அண்ணன் அவரு புள்ளைங்க ஊட்ல இருக்கணும். கட்டிக் குடுத்த பொண்ணு ஊட்லேர்ந்து பொணம் கெளம்பிச்சின்னா, ரெண்டு ஆம்பளப் புள்ள இருந்து இன்னாத்துக்குன்னு ஊரு கேக்கும். வண்டி கொண்டாந்துகீறோம். தூக்குங்கடா."

பாஸ்கரன் குனிந்து அப்பாவின் தோளுக்கடியில் கை கொடுத்தான். அக்கம்பக்கத்து வாசல்களிலெல்லாம் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். தாட்சாயிணியின் வாய் வரைக்கும் எவ்வளவோ வந்தது. வேலப்பன்சாவடி மரத்தடி வந்தது. அதைச் சொன்னால் அண்ணனும் தம்பியும் தலைகுனிந்து போய்விடுவார்கள். ஆனால் எந்தப் பேரைக் காப்பாற்ற அப்பா அன்று வெயிலில் உட்கார்ந்திருந்தாரோ, அந்தப் பேர் இந்த வாசலில் கிழிந்துபோகும். விழுங்கிக்கொண்டாள்.

"நான் இன்னா சொல்றது? நைனாவ கேளுங்க. அவரு வரேன்னா இட்டுகினு போங்க."

எல்லோரும் கட்டிலைப் பார்த்தார்கள். பரந்தாமன் இடக்கையால் பாஸ்கரனின் கையை மெதுவாக விலக்கினார். ஒவ்வொரு சொல்லையும் கல் பெயர்ப்பது போலப் பெயர்த்து வெளியே வைத்தார்.

"வரல... நான். இங்க... நல்லா கீறேன்."

"நைனா, ஊர்ல எங்க மூஞ்சில காறித் துப்புவாங்க நைனா!" ராஜசேகரன் உடைந்துபோய் அழுதான். அவ்வளவு பெரிய ஆள் அப்படி அழுது தாட்சாயிணி பார்த்ததில்லை.

பரந்தாமன் மகனின் தலையைத் தொட்டார். "கொள்ளி... நீங்கதான். ரெண்டு பேரும். கெளம்பறது... என் பொண்ணு ஊட்லேர்ந்து. போய்... சொல்லு ஊர்ல. நான்... சொன்னேன்னு."

கெங்கம்மாள் அத்தை என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

தாட்சாயிணி அண்ணனின் தோளைப் பிடித்தாள். "அண்ணா, இங்க வந்து பாரு. எப்ப வேணா வா. தெனம் வா. யாரு வேணாம்னா? நைனா எனக்கு மட்டுமா நைனா?" பிறகு எல்லோருக்கும் சோறு போட்டாள். கார்க்காரருக்கும் போட்டாள். வெறும் வண்டி திரும்பிப் போனது.

இனி அதிக நாள் இல்லை என்று எல்லோரும் நினைத்திருந்த மனிதர் அதன் பிறகு சாகவில்லை. அதுதான் வேடிக்கை. மாதவியம்மாவின் தைலமோ, பிடிவாதமோ, சில மாதத்தில் கோல் ஊன்றி வேப்பமரத்தடி வரை நடந்தார். ராஜசேகரன் ஞாயிறு தவறாமல் வந்து அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டான். ஒரே ஊரில் இருந்தபோது அவன் ஒரு நாளும் அதைச் செய்ததில்லை. பாஸ்கரன் ராணியோடு வருவான். அவள் கருவாட்டுக் குழம்பு வைத்து எடுத்து வருவாள், மாமனாருக்குப் பிடிக்குமென்று. முறை வைத்துக்கொண்ட காலத்தை விட, முறை போன பிறகு பிள்ளைகள் நெருங்கி வந்தார்கள்.

தொண்ணூற்றாறில், பொங்கல் கழிந்து, தாட்சாயிணி கஞ்சி கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பரந்தாமன் அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். அவர் சொன்னது சொன்னபடி நடந்தது. பாடை கட்டியது வேப்பமரத்தடியில். முன்னால் மகன்கள் இருவரும், பின்னால் குணசேகரனும் ஹர்ஜீத்தின் கணவரும் தோள் கொடுத்தார்கள். தையல் கூடத்துப் பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் கூட்டமாக வந்து தெருவை அடைத்து நின்றார்கள். பச்சன் சிங் அதற்குச் சில வருஷம் முன்பே தன் ஊரில் காலமாகிவிட்டிருந்தார். ஹர்ஜீத் தன் அப்பாவுக்கும் சேர்த்து அழுதாள். நூம்பலிலிருந்து வேனில் வந்த பெண்கள், இதென்ன பெண் வீட்டிலிருந்து எடுக்கிறார்கள் என்று ஆரம்பித்தபோது, கெங்கம்மாள் அத்தைதான் அவர்கள் வாயை அடைத்தாள். "எங்க அண்ணன் ராஜா மாதிரி போவுது. கண்ணு இருந்தா பாருங்கடி" என்றாள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் ராணி தொழிற்சாலை வாசலில் வந்து காத்திருந்தாள். வேலை விட்டு வந்த தாட்சாயிணி அவளைக் கண்டதும் ஓடி வந்தாள்.

"இன்னா ராணி? யாருக்கு இன்னா?"

"ஒண்ணுமில்ல அண்ணி. எங்கம்மாவ இட்டுகினு வந்துட்டேன்." ராணியின் முகத்தில் பயமும் வீறாப்பும் கலந்திருந்தன. அவளுடைய அம்மா நாகம்மாள் திருநின்றவூர்ப் பக்கம் மகன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தவள். "எங்கண்ணன் சரியா பாக்கல. நான் போனேன், துணிய எடுத்துக்கமான்னேன், கூட்டிகினு வந்துட்டேன். ஆனா அம்மா சோத்துல கைய வெக்க மாட்டேங்குது. மாப்ள ஊடாம். நீங்க வந்து ஒரு வார்த்த பேசுங்க அண்ணி. ஒங்களுக்குத்தான் தெரியும்."

மறுநாளே நூம்பலுக்குப் போனாள் தாட்சாயிணி. வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்தபடி போனாள். வீட்டுக்குள் நுழைந்தபோது பாஸ்கரன் தரையில் மாமியாருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். நாகம்மாள் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். நடுவில் ஒரு தட்டு.

"அத்தே, நான் சொல்றத கேளு" என்று சொல்லிக்கொண்டிருந்தான் பாஸ்கரன், அக்கா வந்ததைக் கவனிக்காமல். "எங்க நைனா பொண்ணு ஊட்லதான் இருந்துச்சு. கடைசி வரைக்கும். எங்க மாமா குளிப்பாட்டி உட்டாரு. அதனால எங்க நைனாவுக்கு மரியாத கொறஞ்சிதா? இன்னும் ஏறிச்சு. நான் ரெண்டு கண்ணால பாத்தவன். எங்கக்கா செஞ்சத நான் செய்யக் கூடாதா? துன்னு அத்தே. ஆறிப்போவுது."

நாகம்மாள் மருமகனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தட்டைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

சொல்ல நினைத்து வந்த எதையும் தாட்சாயிணி சொல்ல வேண்டியிருக்கவில்லை. ராணியின் பின்னால் சமையல்கட்டுக்குள் போய், "எனக்கும் ஒரு தட்டு போடு. பசிக்குது" என்றாள்.